மேடை ஏறும் முன் எடுக்க வேண்டிய மூன்று முடிவுகள்

சினிமாவுக்கோ இசைக்கோ போகிறேன் என்று கோபியிலோ பல்லடத்திலோ பொள்ளாச்சியிலோ ஒரு பையன் சொன்னால், வீட்டில் முதலில் வரும் கேள்வி, “அது சோறு போடுமா கண்ணு?” கேட்பதில் தப்பே இல்லை. தறி ஓட்டினாலும் பனியன் கம்பெனி வைத்தாலும் போட்ட முதலுக்குக் கணக்குப் பார்த்தே வளர்ந்த ஊர் இது. ஆனால் கலைத்துறையில் அந்தக் கேள்வி ஒன்று மட்டும் போதாது. அங்கே நன்றாக உழைத்தவருக்கும் மூன்று வருடம் வேலை இல்லாமல் போகலாம். சுமாராகச் செய்தவருக்கு ஒரே வாரத்தில் பேர் கிடைக்கலாம். வருமானம், புகழ், நேரம் மூன்றும் அடுத்தவர் கையில் இருக்கும் தொழில் அது. அதனால் நம் கையில் இருப்பதைக் கிளம்பும் முன்பே தீர்மானித்துக்கொள்ள வேண்டும். எதற்காகப் போகிறோம், எதை நம்பி நிற்கிறோம், யார் சொன்னால் கேட்போம் என்ற மூன்றுதான் அவை.

இதற்குப் பாடம் தேடி வெகுதூரம் போக வேண்டாம். ரயில்வேயில் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் படம் காட்டும் கருவியை வாங்கி ஊர் ஊராகப் போனார். 1914இல் கோவையில் வெரைட்டி ஹால் கட்டினார். பிறகு இங்கே சென்ட்ரல் ஸ்டூடியோவும் பட்சிராஜாவும் வந்தன, சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் வந்தது. நூறு வருடத்துக்கு மேலாக இந்த மண் சினிமாவுக்கு ஆட்களை அனுப்பிக்கொண்டிருக்கிறது. அவர்களில் சிலரின் வாழ்க்கையை ஒரு தொழில் கையேடாகவே படிக்கலாம்.

முடிவு 1: எதற்காகப் போகிறோம்?

“ஹீரோ ஆகணும்” என்பது ஆசை. அது நிறைவேறுவது தயாரிப்பாளர், விநியோகஸ்தர், ரசிகர் என்று பலரைப் பொறுத்தது. நோக்கம் என்பது, பட்டம் எதுவும் கிடைக்காத நாளிலும் நீங்கள் செய்யப்போகும் வேலை.

தாராபுரத்துக்காரர் நாகேஷை எடுத்துக்கொள்ளுங்கள். ரயில்வே குமாஸ்தா, முகம் முழுக்க அம்மைத் தழும்பு. அழகான முகத்துக்கே கேமரா என்று இருந்த காலம் அது. ரயில்வே ஊழியர்கள் போட்ட நாடகத்தில் அவருக்குக் கிடைத்தது வயிற்றுவலிக்காரனாக வந்து போகும் சின்ன வேடம். அந்தச் சில நிமிடத்தில் அவர் துடித்த துடிப்பைப் பார்த்து, விழாவுக்கு வந்திருந்த எம்.ஜி.ஆர். மேடையிலேயே பாராட்டினார். கொடுத்த வேடம் எவ்வளவு சிறியது என்று அளந்து பார்த்திருந்தால் ‘சர்வர் சுந்தரம்’ இல்லை, ‘திருவிளையாட’லில் தருமி இல்லை. இரண்டு வசனம் என்றாலும் அதை முழுதாகச் செய்வது என்பதை அவர் தன் வேலையாக வைத்துக்கொண்டார். முகத்தைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகு எடுபடவில்லை.

நிறத்தையும் முகத்தையும் வைத்து வேடம் பிரிப்பது உலகம் முழுக்க உண்டு. அமெரிக்கக் கறுப்பின நடிகர் சாட்விக் போஸ்மன், 2018இல் தான் படித்த ஹோவர்ட் பல்கலைக்கழகத்தின் பட்டமளிப்பு விழாவில் ஒன்றைச் சொன்னார். தொடக்கக் காலத்தில் ஒரு தொலைக்காட்சித் தொடரில் நல்ல சம்பளத்தில் வேடம் கிடைத்தது. அப்பா விட்டுப் போனவர், அம்மா போதைக்கு அடிமை, பையன் கும்பலில் சேர்ந்தவன் என்ற வழக்கமான வார்ப்பு. அந்தப் பாத்திரத்தின் பின்னணி குறித்துத் தயாரிப்புத் தரப்பிடம் மரியாதையோடு கேள்வி கேட்டார். வேலை போய்விட்டது. திரும்பத் திரை வாய்ப்பு வரச் சில காலம் ஆகலாம் என்று அவருடைய முகவர் சொன்னார். அதே மனிதர்தான் பிறகு ‘பிளாக் பேந்தர்’ படத்தின் அரசரானார். வேலையைவிட நோக்கத்தைத் தேடுங்கள் என்பதே மாணவர்களுக்கு அவர் சொன்னதன் சாரம்.

நீங்கள் செய்ய வேண்டியது இது. ஒரு தாளில் உங்கள் நோக்கத்தை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். அதில் எந்த நட்சத்திரத்தின் பெயரும் வரக்கூடாது. ‘பெரிய’, ‘நம்பர் ஒன்’ போன்ற சொற்களும் வரக்கூடாது. “எங்கள் ஊர்ப் பேச்சை எங்கள் ஊர் ஆட்கள் பேசுவது போலவே திரையில் கேட்க வைப்பேன்” என்பது நோக்கம். “கல்யாண மேடையில் பாடினாலும் சுருதி விலகாமல் பாடுவேன்” என்பதும் நோக்கம்தான். எழுதியதை இன்று மாலையே கொஞ்சமாவது செய்ய முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் நீங்கள் எழுதியிருப்பது இன்னும் ஆசைதான். திருப்பி எழுதுங்கள்.

முடிவு 2: எதை நம்பி நிற்கிறோம்?

நம்பிக்கை என்றதும் நெற்றியில் இட்டுக்கொள்வதை மட்டும் நினைக்க வேண்டாம். கோவை இதில் இரண்டு நேரெதிர் மனிதர்களைத் தந்திருக்கிறது.

ஒருவர் சாண்டோ எம்.எம்.ஏ. சின்னப்பா தேவர். கோவை ராமநாதபுரத்தில் பிறந்து, பஞ்சாலையில் வேலை பார்த்து, உடற்பயிற்சியால் ‘சாண்டோ’ பட்டம் பெற்றவர். தேவர் பிலிம்ஸ் தொடங்கி, 1956இல் ‘தாய்க்குப் பின் தாரம்’ எடுத்தார். எம்.ஜி.ஆரை வைத்து மட்டும் 16 படங்கள். 1971இல் ராஜேஷ் கன்னாவை வைத்து எடுத்த ‘ஹாத்தி மேரே சாத்தி’ இந்தியா முழுக்க ஓடியது. மருதமலை முருகனைத் தன் தொழில் கூட்டாளியாகவே வைத்துப் பேசியவர். லாபத்தில் ஒரு பங்கை முருகன் கோயில் திருப்பணிகளுக்கு எடுத்து வைத்தவர். அந்தப் பக்தி படப்பிடிப்புத் தளத்திலும் தெரிந்தது. குறித்த நாளில் படம் முடியும், பேசிய சம்பளம் தாமதமில்லாமல் வரும் என்பது தேவர் கம்பெனிக்கு இருந்த பேர். சாமிக்குக் கணக்குச் சொல்ல வேண்டியவர், லைட்பாயின் கூலியைப் பாக்கி வைப்பதற்கு யோசித்துத்தான் ஆக வேண்டும்.

இன்னொருவர் நடிகர் சத்யராஜ். கோவை அரசுக் கலைக் கல்லூரியில் தாவரவியல் படித்தவர். பெரியார் வழியில் வெளிப்படையாகக் கடவுள் மறுப்புப் பேசுபவர். 2007இல் பெரியாராகவே நடித்தவர். 2017 ஏப்ரலில் அவருக்கு ஒரு சோதனை வந்தது. ஒன்பது வருடம் முன்பு காவிரிப் பிரச்சினையில் பேசியதை வைத்து, ‘பாகுபலி 2’ஐக் கர்நாடகத்தில் வெளியிட விடமாட்டோம் என்று எதிர்ப்பு எழுந்தது. அவர் வெளியிட்ட காணொளியில் மூன்று விஷயங்கள் இருந்தன. தன் சொல் புண்படுத்தியிருந்தால் வருந்துவதாகச் சொன்னார், ஏனென்றால் ஆயிரக்கணக்கானவர்களின் உழைப்பு அந்தப் படத்தில் இருந்தது. தமிழர் பிரச்சினைகளில் தொடர்ந்து பேசுவேன் என்றார். அதனால் நஷ்டம் வரும் என்று பயப்படும் தயாரிப்பாளர்கள் தன்னை ஒப்பந்தம் செய்ய வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். கொள்கையையும் விடவில்லை, அதற்கான விலையை அடுத்தவர் தலையில் கட்டவும் இல்லை.

ஒருவர் முருகனை நம்பினார், இன்னொருவர் பகுத்தறிவை நம்புகிறார். ஆனால் இருவருடைய நம்பிக்கையும் செய்த வேலை ஒன்றுதான். எதைச் செய்யமாட்டேன் என்ற எல்லையை அது முன்கூட்டியே போட்டுக் கொடுத்தது. பணமும் கைதட்டலும் கண்ணை மறைக்கும் நேரத்தில் புதிதாக எல்லை போட யாராலும் முடியாது.

உங்கள் நம்பிக்கை எதுவானாலும், அதிலிருந்து ‘செய்யமாட்டேன்’ பட்டியல் ஒன்றை எழுதி வையுங்கள். ஐந்து வரி போதும். இந்த மாதிரி வேடம் வேண்டாம், இந்தப் பொருளுக்கு விளம்பரம் வேண்டாம், சாதியை இழிவுபடுத்தும் வசனத்தைப் பேசமாட்டேன், உடன் நடிக்கும் பெண்ணைச் சங்கடப்படுத்தும் சிரிப்பில் சேரமாட்டேன், உதவியாளர் சம்பளத்தை நிறுத்தி வைக்கமாட்டேன். ஒரு வாய்ப்பு வந்து மனம் தடுமாறும்போது இந்தத் தாளை எடுத்துப் படியுங்கள்.

முடிவு 3: யார் சொன்னால் கேட்போம்?

புகழ் வந்த மனிதரைச் சுற்றி ‘சரிங்க சார்’ என்பவர்கள் மட்டும் மிஞ்சுவார்கள். அது வரும் முன்பே ‘வேண்டாம்’ என்று சொல்லும் உரிமையை இரண்டு மூன்று பேருக்குக் கொடுத்துவிட வேண்டும்.

மனிதர்களோடு, தினமும் விடாமல் செய்யும் ஒரு வழக்கமும் அந்த வேலையைச் செய்யும். அமெரிக்க நடிகர் டென்சல் வாஷிங்டன் ஒரு போதகரின் மகன். 2015இல் டில்லார்ட் பல்கலைக்கழகத்தில் பேசும்போது மாணவர்களுக்கு ஒரு யோசனை சொன்னார்: இரவு படுக்கும்போது செருப்பைக் கட்டிலுக்கடியில் உள்ளே தள்ளி வையுங்கள், காலையில் எடுக்க முட்டி போட்டுத்தான் ஆக வேண்டும், போட்டதும் நன்றி சொல்லுங்கள். இரண்டு ஆஸ்கர் வாங்கிய மனிதர், பணிவைத் தன் மனநிலைக்கு விட்டுவிடாமல் அன்றாட வழக்கமாக வைத்திருக்கிறார். 2024 டிசம்பரில், தன் எழுபதாவது பிறந்தநாளை ஒட்டி, நியூயார்க் தேவாலயம் ஒன்றில் ஞானஸ்நானமும் பெற்றார்.

நம் ஊர்ப் பக்கம் அப்படி வாழ்பவர் நடிகர் சிவகுமார். சூலூரை ஒட்டிய காசிகவுண்டன்புதூரில் 1941இல் பிறந்தவர். கைக்குழந்தையாக இருக்கும்போதே அப்பாவை இழந்து, அம்மாவின் காட்டு உழைப்பில் வளர்ந்தவர். நடிகரான பிறகும் காபி, டீகூடத் தொடாமல், நடைப்பயிற்சியும் யோகாவும் விடாமல், பல்லாண்டுகளாக நாட்குறிப்பு எழுதி வந்தவர். அந்தக் கட்டுப்பாட்டுக்காரரே 2018இல் மதுரையில் ஒரு விழாவில் செல்ஃபி எடுத்த இளைஞரின் போனைத் தட்டிவிட்டார். கண்டனம் எழுந்ததும் வருத்தம் தெரிவித்தார், புதுப் போனும் வாங்கிக் கொடுத்தார். எவ்வளவு பழகியவருக்கும் கோபம் ஒரு நொடியில் மிஞ்சும். மிஞ்சிய பிறகு தாமதமில்லாமல் திருத்திக்கொள்வதும் கால் தரையில் இருப்பதன் ஒரு பகுதிதான்.

உடுமலை வல்லகுண்டபுரத்துக் கவுண்டமணி வேறு வழியில் போனார். உச்சத்தில் இருந்த காலத்திலும் பேட்டி, விழா என்று அலைந்ததில்லை. படம் பேசட்டும் என்று ஒதுங்கியிருந்தார். அவருடைய நகைச்சுவையை மக்கள் இன்றும் பேசுகிறார்கள். தினமும் ரீல்ஸ் போடாவிட்டால் காணாமல் போய்விடுவோம் என்று பயப்படும் தம்பிகள் இதை யோசிக்க வேண்டும். கிணத்துக்கடவுக்காரரான இயக்குநர் லோகேஷ் கனகராஜும் அடுத்த படத்தில் முழுதாக இறங்குகிறேன் என்று அறிவித்துவிட்டுச் சமூக வலைத்தளங்களிலிருந்து சில காலம் விலகியிருக்கிறார். வேலை முடியும்வரை கதவைச் சாத்திக்கொள்வது தொழில் ஒழுக்கம்.

ஆண்களுக்கு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். “மூத்தவன்தானே, நீதான் பார்க்கணும்” என்று சுமையை ஏற்றும் சமூகம், அந்தச் சுமையைப் பற்றிப் பேச இடம் கொடுப்பதில்லை. படம் ஓடாத வெள்ளிக்கிழமை இரவு பலருக்குக் குடியில்தான் போய் முடிகிறது. மனம் அழுத்தினால் நண்பரிடம் பேசுங்கள். தூக்கம் கெட்டு, வாழ்வதே பாரமாகத் தோன்றினால் 14416 என்ற அரசின் டெலி மானஸ் எண்ணுக்கு அழையுங்கள். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.

சோறு போடும் கணக்கு

நோக்கமும் நம்பிக்கையும் இருந்து காகிதம் இல்லையென்றால் ஏமாற்றப்படுவீர்கள். பணம் தொடர்பான அடிப்படைகள் இவை.

கதை எழுதுபவர் என்றால் யாரிடமும் சொல்லும் முன் தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர்கள் சங்கத்தில் பதிவு செய்யுங்கள். 2018இல் ‘சர்கார்’ படம் வெளியாகும் முன், 2007இல் பதிவு செய்யப்பட்டிருந்த ‘செங்கோல்’ என்ற கதையோடு அது ஒத்திருக்கிறது என்று உதவி இயக்குநர் ஒருவர் புகார் செய்தார். சங்கத் தலைவராக இருந்த கே. பாக்யராஜ், பெரிய நிறுவனம், பெரிய நடிகர் என்று பார்க்காமல் ஒற்றுமை இருப்பதாகச் சொன்னார். முடிவில் படத்தில் அந்த எழுத்தாளருக்கு நன்றி தெரிவிக்கப்பட்டது. பதினோரு வருடத்துக்கு முந்தைய பதிவுச் சீட்டு ஒன்று அவ்வளவு தூரம் பேசியது.

பாட்டு எழுதுபவர், இசையமைப்பவர் என்றால் 2012 பதிப்புரிமைத் திருத்தச் சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். படத்துக்காகச் செய்த பாட்டானாலும், தியேட்டருக்கு வெளியே அது பயன்படும்போது ராயல்டியில் பங்கு பெறும் உரிமை உங்களுக்கு உண்டு. ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுத்தாலும் அந்த உரிமை போகாது. ஐபிஆர்எஸ் அமைப்பில் உறுப்பினரானால் அந்தப் பணம் வரும் வழி திறக்கும்.

நிகழ்ச்சி, நடிப்பு, டப்பிங் எதற்கும் தேதி, தொகை, முன்பணம், மீதி தரும் நாள் நான்கையும் எழுத்தில் வாங்குங்கள். ஒப்பந்தம் போடத் தயங்கும் இடத்தில் பேசியதை வாட்ஸ்அப் செய்தியாகவாவது அனுப்பி ‘சரி’ என்ற பதில் வாங்குங்கள். உங்கள் கட்டணத்தில் 10 சதவீதம் டிடிஎஸ் பிடித்தால் வருடக் கடைசியில் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யுங்கள். வரி வரம்புக்குள் இருப்பவர்களுக்கு அது திரும்பக் கிடைக்கும். வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு வேண்டும்.

கையில் இன்னொரு தொழில்

சிவகுமார் சென்னைக்குப் போனது ஓவியம் படிக்க. அரசு ஓவியக் கல்லூரியில் ஆறு வருடம் படித்துத் தேர்ந்தார். 1965இல் ‘காக்கும் கரங்கள்’ படத்தில் அறிமுகமானார். நடிப்பைவிட்டு ஒதுங்கிய பிறகு கம்பராமாயணத்தையும் மகாபாரதத்தையும் குறிப்பே இல்லாமல் மணிக்கணக்கில் மேடையில் சொல்லும் பேச்சாளரானார். திரை வாய்ப்பு வரும், போகும் என்பதைத் தெரிந்தவருக்கு அடுத்த வேலை எப்போதும் தயாராக இருந்தது.

லோகேஷ் எந்த இயக்குநரிடமும் உதவியாளராக இருந்தவரில்லை. கோவையில் ஃபேஷன் டெக்னாலஜி படித்து, வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே குறும்படம் எடுத்தார். அந்தக் குறும்படங்கள் 2016இல் ‘அவிய’லுக்கும், 2017இல் ‘மாநகர’த்துக்கும் வழிவிட்டன. சம்பளம் வரும் வேலையில் இருந்ததால் மனசுக்குப் பிடிக்காத வாய்ப்பை அவசரத்தில் பிடிக்க வேண்டியதில்லை. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் 1970களில் கறுப்பின இளைஞர்கள் தங்கள் தெருவின் கோபத்தையும் பெருமையையும் பாட உண்டாக்கிய ஹிப்ஹாப்பை, கோவைப் பையன் ஆதி தமிழில் தன் மொழிப்பற்றைப் பாட எடுத்துக்கொண்டார். 2012இல் வந்த ‘ஹிப்ஹாப் தமிழன்’ தொகுப்பு அந்தப் பயணத்தின் தொடக்கம். அவரும் படிப்பை முடித்துவிட்டுத்தான் இசைக்குள் முழுதாக வந்தார்.

ஆகவே முதல் மூன்று வருடம் மாதச் செலவுக்கு ஒரு வருமானத்தை வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதச் செலவுக்கான தொகையைத் தனிக் கணக்கில் போடுங்கள். வீட்டில் கால அளவு சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். “மூணு வருசம் குடுங்க, அதுக்கப்புறம் உட்கார்ந்து பேசலாம்” என்றால் ஒத்துக்கொள்ளும் அம்மா அப்பாக்கள் இந்த ஊரில் நிறைய உண்டு.

ஏறிய பிறகு ஏணியைப் பிடித்து நில்லுங்கள்

கோபி பக்கத்து வெள்ளாங்கோவிலிலிருந்து போன பாக்யராஜ், பாரதிராஜாவிடம் ‘16 வயதினிலே’யில் உதவி இயக்குநராகத் தொழில் கற்றார். தான் வளர்ந்ததும் பாண்டியராஜன், பார்த்திபன் போன்றவர்களுக்குத் தன்னிடம் இடம் கொடுத்தார். சிவகுமார் தன் நூறாவது படத்தையொட்டிக் கல்வி அறக்கட்டளை தொடங்கி, நன்றாகப் படிக்கும் ஏழைப் பிள்ளைகளுக்கு வருடம் தவறாமல் பரிசு கொடுத்தார். 2006இல் மகன் சூர்யா தொடங்கிய அகரம் அறக்கட்டளை அதே பாதையில் வந்ததுதான்.

சினிமாவுக்கு வெளியே பத்ரப்பன் இருக்கிறார். மேட்டுப்பாளையம் பக்கத்து வள்ளி ஒயில் கும்மி ஆசிரியர். ஆண்கள் மட்டும் ஆடிவந்த கலையைப் பெண்களுக்கும் சொல்லிக் கொடுத்தவர். 2024இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டபோது அவருக்கு வயது 87. விருது வருமா என்று பார்த்திருந்தால் அத்தனை பேருக்குக் கும்மி கற்றுக் கொடுத்திருக்க முடியாது. சொல்லிக் கொடுப்பதையே வேலையாக வைத்துக்கொண்டவருக்கு வேலை இல்லாத நாள் என்று ஒன்று இல்லை.

இந்த வாரம் செய்ய வேண்டியவை

1. நோக்கத்தை ஒரு வரியில் எழுதுங்கள்.
2. ‘செய்யமாட்டேன்’ பட்டியலை ஐந்து வரியில் எழுதுங்கள்.
3. உங்களைக் கண்டிக்கும் உரிமையுள்ள மூன்று பேரைத் தேர்ந்தெடுத்து, அவர்களிடமே அதைச் சொல்லுங்கள். ஒருவராவது துறைக்கு வெளியே இருக்கட்டும்.
4. எழுதி வைத்திருக்கும் கதையைப் பதிவு செய்யுங்கள். நிலுவைப் பணம் இருந்தால் தேதி போட்டுக் கேளுங்கள்.
5. உங்களைவிட இளைய ஒருவருக்கு, உங்களுக்குத் தெரிந்த ஒன்றை இலவசமாகச் சொல்லிக் கொடுங்கள்.

தேவருக்கும் சத்யராஜுக்கும் சிவகுமாருக்கும் கொள்கை ஒன்றல்ல, குணம் ஒன்றல்ல. மூவருமே தாங்கள் எதற்கு உட்பட்டவர்கள் என்பதைத் தீர்மானித்துக்கொண்டார்கள். அந்தத் தீர்மானத்துக்குச் சிபாரிசு வேண்டாம், முதல் வேண்டாம், சென்னைக்கு ரயில் ஏறவும் வேண்டாம். வீட்டில் உட்கார்ந்து இன்றே எடுக்கலாம். எடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.